மூச்சு விட்டுச்செல்லும் தண்ணீர்

கிளாரினெட் செய்யும் மரத்தில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டால் அது மூழ்கிவிடும். கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிராம் எடையுள்ள அந்த மரத்தை ஆப்பிரிக்கக் கருமரம் என்பார்கள். சுவாஹிலி மொழியில் அதன் பெயர் ம்பிங்கோ. தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வறண்ட காடுகளில் மிக மெதுவாக வளரும் அது, நம் ஊர் ஈட்டி மரத்தின் நெருங்கிய உறவு. இரண்டும் டால்பெர்ஜியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நியூரம்பர்க் நகரத்து யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் 1700-ஐ ஒட்டி முதல் கிளாரினெட்டுகளைச் செய்தபோது மஞ்சள் நிறப் பாக்ஸ்வுட் கட்டையைத்தான் கடைந்தார். பாக்ஸ்வுட் ஈரத்தில் எளிதில் கோணிக்கொள்ளும். துளைகளை மூடித் திறக்கும் கீகளும் அவற்றைத் தாங்கும் கம்பங்களும் பெருகப் பெருக, அசையாமல் நிற்கும் மரம் தேவைப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கருமரம் அந்த இடத்தைப் பிடித்தது.

இவ்வளவு இறுகிய மரமும் சில கிராம் தண்ணீரால் வெடிக்கிறது. புதிதாக வாங்கிய கிளாரினெட்டின் மேல் பாகத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஓடியிருப்பதைக் கண்டு கலங்காத வாத்தியக்காரர்கள் குறைவு. ஆப்பிரிக்கக் காட்டில் எத்தனையோ மழைக்காலங்களை நின்று பார்த்த மரத்தை மனிதனின் மூச்சு எப்படி உடைக்கிறது?

தண்ணீர் இருப்பதால் மரம் உடைவதில்லை. ஒரே சுவரின் உள்பக்கம் ஒரு மாதிரியும் வெளிப்பக்கம் வேறு மாதிரியும் ஈரமாக இருப்பதால்தான் உடைகிறது. முழுக்க நனைந்த மரமும் நிம்மதியாக இருக்கும், முழுக்க உலர்ந்த மரமும் நிம்மதியாக இருக்கும். பாதி நனைந்து பாதி உலர்ந்த மரத்துக்குள்தான் சண்டை. கிளாரினெட் பராமரிப்பு என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கும் விதிகளில் பெரும்பாலானவை இந்தச் சண்டையை மூட்டாமல் இருப்பதற்கான வழிகள். விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, மூச்சிலிருந்து புறப்படும் தண்ணீர் எங்கெல்லாம் போகிறது என்று பின்தொடர்ந்தால் போதும். விதிகள் தாமாக வந்து நிற்கும்.

எவ்வளவு தண்ணீர்?

வாயிலிருந்து வெளிவரும் காற்று சுமார் 34 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஏறக்குறைய முழு ஈரத்துடன் இருக்கிறது. அந்த வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 37 கிராம் நீராவியைத் தாங்கும். காற்று குளிர்ந்தால் தாங்கும் திறன் சரிகிறது. 20 டிகிரியில் அது 17 கிராம்தான். மிச்சம் 20 கிராமும் கிடைத்த குளிர்ந்த பரப்பில் துளிகளாகப் படிந்தாக வேண்டும்.

ஒரு கணக்குப் போடலாம். வாசிப்பவர் நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை ஊதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 600 லிட்டர், அதாவது 0.6 கன மீட்டர். 20 டிகிரிக் குளிரில் உள்ள கருவி அந்தக் காற்றை முழுக்கக் குளிரவைத்தால் படியக்கூடிய தண்ணீர் 12 கிராம். இரண்டு தேக்கரண்டிக்குச் சற்று மேல். உண்மையில் வாசிக்க வாசிக்கக் கருவியும் சூடாகும், நீராவியில் ஒரு பகுதி கீழ்முனையின் விரிந்த வாயான பெல் வழியே வெளியேறிவிடும். ஆகவே இது உச்ச வரம்பு.

இதே கணக்கை மின்விசிறி மட்டும் ஓடும் சென்னை அறையில், 30 டிகிரியில் போட்டால் வரம்பு 4 கிராமுக்கு இறங்கிவிடுகிறது. ஏசி போட்ட அரங்கில், 22 டிகிரியில், அது மறுபடியும் 11 கிராமுக்கு ஏறுகிறது. வெயில் நாட்டில் கிளாரினெட்டைத் தண்ணீரில் குளிப்பாட்டுவது ஏசிதான்.

இந்தத் தண்ணீரில் பெரும்பங்கு வாயில் வைக்கும் மௌத்பீஸிலும், அதை அடுத்த குட்டைக் குழாயான பேரலிலும், அதற்கடுத்த மேல் பாகத்திலும் படிகிறது. சூடான மூச்சு முதலில் சந்திக்கும் குளிர்ந்த சுவர் அதுதானே. கிளாரினெட்டில் விரிசல் விழும் இடங்களைக் கேட்டால் பழுது பார்ப்பவர்களும் முதலில் மேல் பாகத்தைத்தான் காட்டுவார்கள்.

மரம் வீங்கும் திசை

ஐப்பசி மழையில் கதவு நிலைக்குள் இறுகிக்கொண்டு திறக்க மறுப்பதைப் பார்த்திருப்போம். கவனித்தால், கதவு அகலத்தில்தான் இறுகியிருக்கும். உயரத்தில் அது வளர்வதே இல்லை.

மரத்தின் செல் சுவர்களில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. காற்றிலிருந்து வரும் நீர் மூலக்கூறுகள் இந்த இழைகளுக்கு இடையே புகுந்து ஒட்டிக்கொண்டு, அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகின்றன. இழையின் நீளம் கூடுவதில்லை, இழைகளுக்கு நடுவேயுள்ள இடைவெளிதான் கூடுகிறது. அதனால் நீளவாக்கில் மரம் அசைவதில்லை என்றே சொல்லலாம். குறுக்குவாக்கிலோ இரண்டு அளவுகள் இருக்கின்றன. நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் ஒரு அளவு வீங்கினால், வளர்ச்சி வளையங்களைச் சுற்றிய திசையில் பெரும்பாலான மரங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வீங்குகின்றன. வட்டமாகக் குடைந்த துளை ஈரத்தில் மிக லேசாக நீள்வட்டமாவதற்கு இந்த வித்தியாசமே காரணம்.

இப்போது கிளாரினெட்டின் மேல் பாகத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்வோம். நடுவில் சுமார் 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை. அதைச் சுற்றி ஏழு மில்லிமீட்டர் அளவுக்கு மரச் சுவர். வாசிக்கத் தொடங்கியதும் துளையை ஒட்டிய மெல்லிய அடுக்கு நனைந்து விரியப் பார்க்கிறது. வெளி அடுக்கு இன்னும் உலர்ந்தே இருக்கிறது, அதற்கு விரிய எந்தக் காரணமும் இல்லை. உள்ளே இருப்பது தள்ள, வெளியே இருப்பது சுற்றிலும் இழுபடுகிறது. மரத்தை நார்வாக்கில் முறிப்பது கடினம், நாருக்கு இடையே பிளப்பது எளிது என்பது விறகு பிளந்த எவருக்கும் தெரியும். இந்த இழுவிசையோ நேராக நார்களைப் பிரிக்கும் திசையிலேயே வேலை செய்கிறது. விரிசல் எப்போதும் கருவியின் நீளவாக்கில் ஓடுவது இதனால்தான்.

அந்தச் சுவரில் வேறு துளைகளும் இருக்கின்றன. இழுபடும் தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், துளையின் விளிம்பில் இழுவிசை மூன்று மடங்காகக் குவியும் என்று ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898-இல் கணக்கிட்டுக் காட்டினார். அவர் கணக்கு எல்லாத் திசையிலும் சீரான பொருளுக்கானது. மரத்தில் எண் மாறும், ஆனால் விளிம்பில் விசை குவிவது மாறாது. மேல் பாகத்தில், இரண்டு சுரங்களை விரைந்து மாற்றி மாற்றி வாசிக்க உதவும் ட்ரில் கீகளின் துளைகள் நெருங்கி அமைந்திருக்கின்றன. விரிசல் அங்கே தொடங்கி ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குத் தாவுவதில் வியப்பில்லை.

முதல் சில வாரங்கள்

புதுக் கருவியை முதல் வாரங்களில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் வாசிக்காதே, பிறகு மெல்ல நேரத்தைக் கூட்டு என்பது பழைய அறிவுரை. கருவி வந்த மகிழ்ச்சியில் இருப்பவருக்கு இது தண்டனையாகத் தோன்றும்.

ஈரம் மரத்துக்குள் ஊடுருவுவது நீர் வழிவதைப் போன்ற வேகமான செயல் கிடையாது. மூலக்கூறுகள் அங்குமிங்கும் அலைந்து மெல்லப் பரவுகின்றன. இப்படிப் பரவும் எதற்கும் ஒரு விதி உண்டு: தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். உள் அடுக்கின் முதல் அரை மில்லிமீட்டர் நனைய ஒரு பொழுது ஆகிறதென்றால், ஏழு மில்லிமீட்டர் கடக்க அதைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு காலம் வேண்டும். கருமரம் போன்ற இறுகிய மரத்தில் இந்தப் பயணம் வாரக்கணக்கில் நீளும்.

கொஞ்சம் வாசித்து, துடைத்து, மறுநாள் வரை விட்டால், உள் அடுக்கில் சேர்ந்த ஈரத்தில் ஒரு பகுதி வெளியேறும், ஒரு பகுதி சுவருக்குள் நகரும். உள்ளும் வெளியும் நெருங்கி வரும். அடுத்த நாளின் நனைப்பு அந்த நெருங்கிய நிலையிலிருந்து தொடங்கும். எடுத்த எடுப்பில் இரண்டு மணி நேரம் வாசிப்பவர் உள் அடுக்கைத் தெப்பமாக நனைத்துவிட்டு வெளி அடுக்குக்கு அவகாசமே தருவதில்லை.

மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்த பழைய கருவிக்கும் இது பொருந்தும். அது காய்ந்து மறுபடியும் புதிதாகிவிட்டது என்றே கொள்ள வேண்டும். குளிர்ந்த கருவியை எடுத்தவுடன் ஊதுவதும் கூடாது. முதலில் கையிடுக்கில் வைத்து வெளிப்பக்கத்தைச் சூடாக்குங்கள் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். சுவர் சூடானால் தண்ணீர் படிவதும் குறையும். சுருதிக்கும் இதில் ஆதாயம் உண்டு. காற்று ஒரு டிகிரி சூடானால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும், சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (அரைச் சுரத்துக்கு 100 சென்ட்). பத்து டிகிரி வித்தியாசம் என்றால் 30 சென்ட். அரைச் சுரத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு, எந்தக் காதுக்கும் உறுத்தும்.

வாசித்து முடித்த பிறகு

முதலில் கழற்ற வேண்டியது, அதிர்ந்து ஒலி எழுப்பும் ரீடு. அது அருண்டோ டோனாக்ஸ் என்ற நாணலின் பட்டை. தெற்கு பிரான்சின் வார் பகுதியில் விளைவது பேர்பெற்றது. அதன் நுனி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். மௌத்பீஸில் கட்டியபடியே விட்டால் மேல்பக்கம் காய்ந்து, அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். நுனி அலையலையாக நெளிந்துவிடும். அந்தச் சின்னத் துண்டிலும் அதே உள்-வெளி வித்தியாசந்தான். நீரில் அலசி, துடைத்து, சமதளமான உறையில் வைத்தால் சீராகக் காயும்.

மௌத்பீஸ் மரமில்லை, எபொனைட். ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடேற்றிக் கெட்டியாக்கியது. வெந்நீர் பட்டால் அதன் மேற்பரப்பு பச்சை கலந்த பழுப்பாக மாறி, கந்தக நாற்றம் அடிக்கும். வெதுவெதுப்பான நீரும் ஒரு சொட்டு சோப்பும் மென்மையான துணியும் போதும். உமிழ்நீரில் உள்ள கால்சியம் பல்லில் காரையாகப் படிவதுபோலவே இங்கும் வெள்ளையாகப் படியும். நீர்த்த வினிகரில் சிறிது நேரம் வைத்தால் அது கரைந்துவிடும். சொரசொரப்பான எதையும் உள்ளே விட்டுத் தேய்க்கக் கூடாது. நுனி விளிம்பும் அதன் உள்பக்கச் சரிவும் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தேய்ந்தாலே நாதம் மாறிவிடும்.

சுத்தம் என்பது நாதத்துக்காக மட்டுமே என்று நினைக்க வேண்டாம். 2016-இல் தோராக்ஸ் மருத்துவ இதழில் மான்செஸ்டர் மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். தினமும் பேக்பைப் வாசித்துவந்த 61 வயதுக்காரர் அவர், நுரையீரல் அழற்சியால் இறந்துபோனார். மூன்று மாதம் வெளிநாட்டில் வாத்தியமின்றி இருந்தபோது மட்டும் அவருக்கு மூச்சு சீரானது. பிறகு வாத்தியத்தின் பையிலும் குழல்களிலும் பலவகைப் பூஞ்சைகள் வளர்ந்திருந்தது தெரியவந்தது. கிளாரினெட்டில் பை இல்லை, ஆபத்தும் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் வாயில் வைக்கும் ஈரமான பொருள் மூடிய பெட்டியில் நாள்கணக்கில் கிடந்தால் என்ன வளரும் என்பதற்கு அந்த அறிக்கை போதிய சாட்சி.

அடுத்தது துளை. பட்டு அல்லது பருத்தித் துணி, கயிறு, கயிற்றின் முனையில் சின்ன எடை, இவ்வளவுதான் கருவி. துணியை முடிச்சோ மடிப்போ இல்லாமல் விரித்து, மெதுவாக இழுக்க வேண்டும். மேல் பாகத்தில், மேல் சுரங்களுக்குத் தாவ உதவும் ரெஜிஸ்டர் கீயின் உலோகக் குழாய் துளைக்குள் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் வழியும் தண்ணீர் அதற்குள் இறங்காமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. துணி சிக்குவதும் அங்கேதான். சிக்கினால் பலங்கொண்டு இழுக்காமல், வந்த வழியே பின்னோக்கி எடுக்க வேண்டும். நீண்ட ஒத்திகை என்றால் முடியும்வரை காத்திராமல் நடுவிலேயே ஓரிரு முறை துடைப்பது நல்லது. உள் அடுக்கு குடிக்கும் முன்பே தண்ணீரை அப்புறப்படுத்துகிறோம்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் மூட்டுகளின் முனை. அங்கே மரம் குறுக்காக வெட்டப்பட்டிருக்கிறது. மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏற்றிய குழாய்களின் வாய் அந்த வெட்டுமுகத்தில் திறந்து கிடக்கிறது. பக்கச் சுவரைவிடப் பல மடங்கு வேகமாக அது ஈரத்தை உறிஞ்சும். மூட்டின் முனையையும் அது போய் உட்காரும் குழியையும் விரலில் சுற்றிய துணியால் ஒற்றியெடுக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் சோம்பினால் மூட்டு வீங்கி, பேரல் கழற்ற முடியாமல் இறுகிவிடும். இறுகிவிட்டால் முறுக்கிச் சண்டை போட வேண்டாம். அது காயும்வரை விட்டு வைத்தால் தானே இளகும்.

மூட்டைச் சுற்றிய கார்க், ஸ்பெயினிலும் போர்ச்சுக்கலிலும் வளரும் ஓக் வகை மரத்தின் பட்டை. 1665-இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்து 'செல்' என்று பெயரிட்டது இந்தக் கார்க்கின் அறைகளைத்தான். ஒரு பக்கம் அமுக்கினால் ரப்பர் மறுபக்கம் பிதுங்கும். காற்று நிறைந்த அறைகளைக் கொண்ட கார்க் ஏறக்குறைய பிதுங்குவதே இல்லை, உள்ளுக்குள்ளேயே சுருங்கிக்கொள்ளும். காற்றுப் புகாமல் அடைப்பதற்கும் எளிதாகச் செருகுவதற்கும் இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. தினமும் கிரீஸ் தடவத் தேவையில்லை. செருகும்போது முரண்டினால் மட்டும் துளி தடவி, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். கருவியைப் பூட்டியபடியே நாள்கணக்கில் விட்டால் கார்க் நசுங்கியபடியே பழகி, பிறகு தளர்ந்து ஆடும்.

துளையில் ஒரு குமிழி

கச்சேரி நடுவே ஒரு சுரம் மட்டும் களகளவென்று ஒலிக்கிறது. துளைச் சுவரில் ஓடிய துளி, பக்கத் துளை ஒன்றுக்குள் புகுந்து, அதை மூடும் பேடுக்கு அடியில் தங்கிவிட்டது. ஊதி வெளியேற்றினாலும் சற்று நேரத்தில் திரும்பி வரும். நனைந்த பரப்பில் தண்ணீர் எளிதாகப் பரவும் என்பதால், ஒருமுறை அமைந்த தடத்திலேயே அடுத்த துளியும் வருகிறது. பேடுக்கு அடியில் சிகரெட் தாளை வைத்து ஒற்றியெடுத்தபின் துளை முழுவதையும் ஒருமுறை துடைத்தால் தடம் அழியும்.

பேடு என்பது அட்டை மீது கம்பளி ஃபெல்ட், அதன்மேல் மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வு. திணிப்பு வைத்துத் தோல் போர்த்திய பேடுகளை 1812-ஐ ஒட்டி இவான் முல்லர் தம் பதின்மூன்று கீ கிளாரினெட்டில் பயன்படுத்திய பிறகுதான், அதிகக் கீகள் வைத்தாலும் காற்று ஒழுகாமல் மூட முடிந்தது. காபியும் இனிப்பும் சாப்பிட்ட வாயோடு வாசித்தால் சர்க்கரை கலந்த உமிழ்நீர் பேடில் காய்ந்து பிசுபிசுக்கும், கீ திறக்கும்போது டப்பென்று ஒட்டிப் பிரியும். பசையில்லாத சிகரெட் தாளை வைத்து மூடி, அழுத்தியபடி இழுக்காமல், திறந்து எடுத்தால் பிசின் தாளோடு வரும். வாசிக்கும் முன் வாய் கொப்பளித்தால் இந்த வேலையே மிச்சம்.

பேடு கிழிந்தாலோ சாய்ந்தாலோ காற்று ஒழுகும். கிளாரினெட்டில் ஒழுக்கு ஏன் இவ்வளவு பெரிய குற்றம்? ஒரு முனை மூடிய உருளை என்பதால் அது ஒற்றைப்படைச் சீரிசைகளையே வலுவாக எழுப்பும். ரெஜிஸ்டர் கீ சுமார் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்றைத் திறந்தவுடன் சுருதி ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும் தாண்டி மேலே போய்விடுகிறது. திட்டமிட்டு வைத்த அந்தச் சிறு ஒழுக்கு இவ்வளவு செய்யுமென்றால், கிழிந்த பேடின் ஒழுக்கும் தன் பங்குக்கு ஒரு கள்ள ரெஜிஸ்டர் கீயாக வேலை செய்யும். அடிச் சுரங்கள் எழ மறுக்கும், அல்லது கீச்சிடும். மேல் பாகத்தை மட்டும் எடுத்து, துளைகளை விரலால் மூடி, கீழ்முனையை உள்ளங்கையால் அடைத்து, மேலிருந்து காற்றை உறிஞ்சிப் பாருங்கள். வெற்றிடம் சில நொடிகளாவது நின்றால் நலம். நில்லாவிட்டால் பழுது பார்ப்பவரிடம் போக வேண்டும்.

எண்ணெய் போடலாமா?

கிளாரினெட் உலகில் தீராத வாக்குவாதம் இது. சில தயாரிப்பாளர்கள் துளைக்கு எண்ணெய் பூசச் சொல்கிறார்கள், சிலர் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது.

எண்ணெய் மரத்துக்கு உணவு என்பது பிழை. மரம் உயிரற்றது, அதற்குப் பசியில்லை. கருமரத்தின் செல்களில் இயற்கையாகவே பிசின் போன்ற பொருள்கள் நிறைந்திருப்பதால் எண்ணெய் ஆழமாக இறங்குவதுமில்லை. மேலடுக்கில் தங்கும் அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. தண்ணீரைப் பரவவிடாமல் துளியாகத் திரட்டுகிறது, ஈரம் உள்ளே நுழையும் வேகத்தையும் கொஞ்சம் குறைக்கிறது. தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. சண்டை வேகத்தால் வருவது என்பதால் தாமதத்துக்கும் மதிப்பு உண்டு.

எந்த எண்ணெய் என்பதில் வேதியியல் நுழைகிறது. ஆளி விதை எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம். காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அவை ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகும். ஓவியர்களுக்கு அது வரம், துளைக்குள் அது பிசின். எண்ணெய்களை இந்தக் குணத்தை வைத்து அளக்க அயோடின் எண் என்ற கணக்கு உண்டு. ஆளி விதைக்கு அது 170-க்கு மேல், பாதாம் எண்ணெய்க்கு 100-ஐ ஒட்டி. எண்ணெய் போடும் பழக்கமுள்ளவர்கள் பாதாம் எண்ணெயை நாடுவதில் பொருள் இருக்கிறது. போடுவதென்றால் கருவி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். துணியில் சில துளி மட்டும் எடுத்து, பேடுகளுக்கு அடியில் தாள் வைத்துப் பாதுகாத்து, ஓர் இரவு கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெய் குடித்த பேடு விறைத்துப்போகும்.

பெட்டிக்குள் ஒரு வானிலை

ஒவ்வொரு காற்றீரத்துக்கும் மரத்தில் ஒரு சமநிலை ஈரம் உண்டு. காற்றின் ஒப்பு ஈரம் 30 சதவீதமாக இருந்தால் மரம் தன் எடையில் சுமார் 6 சதவீதம் தண்ணீரைத் தாங்கும். 50 சதவீதமானால் 9, 80 சதவீதமானால் 16. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ வைத்த கருவி மழைக்காலம் முழுக்க மேல் எண்ணை ஒட்டியே நிற்கும். ஏசி அறையில் வைத்தால் நடு எண்ணுக்கு இறங்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் ஐரோப்பிய வீட்டில் அது முதல் எண்ணுக்குச் சரியும். ஊர் மாறுவதே ஆபத்தில்லை, ஒரே நாளில் மாறுவதுதான் ஆபத்து.

கருவியே இதற்கு அளவுகோல். மூட்டுக் குழிகளைச் சுற்றிய உலோக வளையம் விரலால் தள்ளினால் சுழல்கிறதா? மரம் காய்ந்து சுருங்கிவிட்டது என்று பொருள். பேரல் இறுகித் திணறுகிறதா? மரம் ஈரத்தில் பருத்திருக்கிறது. காய்ந்த பெட்டிக்கு ஈரம் ஊட்டுவதில் உப்புக் கரைசல் நல்ல துணை. கரையாத உப்பு அடியில் தங்கும் அளவுக்குத் தெவிட்டிய கரைசல், மூடிய இடத்தின் ஒப்பு ஈரத்தை ஒரே அளவில் நிறுத்தும். சமையல் உப்பு 75 சதவீதத்தில் நிறுத்தும், பொட்டாசியம் கார்பனேட் 43-இல். வாத்தியப் பெட்டிகளுக்கென்று கடையில் விற்கும் ஈரக் கட்டுப்பாட்டுப் பைகள் இந்தத் தத்துவத்தில் இயங்குபவை. அதிகமானால் குடிக்கும், குறைந்தால் விடும். சிலிக்கா ஜெல் குடிக்க மட்டுமே தெரிந்தது. மழைக்காலத்தில் அளவோடு உதவும், கோடையில் பெட்டியில் மறந்துவிட்டால் மரத்தை உலர்த்திவிடும். நனைந்த துடைப்புத் துணியைப் பெட்டிக்குள் வைத்து மூடுவது, துடைத்தெடுத்த தண்ணீரைக் கருவிக்கே திருப்பிக் கொடுப்பது.

தமிழ்நாட்டுக்குக் கிளாரினெட் புதிதன்று. சதிர் கச்சேரியின் பக்கவாத்தியமாகவும், கல்யாண ஊர்வலத்து பேண்டு செட்டிலும் தலைமுறைகளாக ஒலித்திருக்கிறது. திருச்சியின் ஏ.கே.சி. நடராஜன் அதைக் கர்நாடக இசையின் தனிக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தி, 2008-இல் சங்கீத கலாநிதியும் 2022-இல் பத்மஸ்ரீயும் பெற்றார். ஊர்வல வெயிலில் கறுத்த மரம் ஒரு பக்கம் கொதித்து மறு பக்கம் நிழலில் இருப்பது, ஈரத்தின் வித்தியாசத்தோடு வெப்பத்தின் வித்தியாசத்தையும் சேர்க்கும். வெளியில் வாசிக்கப் பிளாஸ்டிக் கிளாரினெட்டைத் தனியாக வைத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல் ஆகாது. கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைபவர்கள், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். பல பத்தாண்டு மழையும் வெயிலும் கண்டு அசைந்து முடித்த மரம் இனிமேல் அதிகம் அசையாது. ஈரத்தைப் பற்றிய அறிவு அந்தத் தேர்விலேயே இருக்கிறது.

கடலோரத்தில் இன்னொரு கவலை உலோகம். கீகளின் உடல் செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த ஜெர்மன் சில்வர். பெயரில் தவிர அதில் வெள்ளி இல்லை, மேலே வெள்ளி முலாம் இருக்கலாம். உப்பங்காற்றும் வியர்வையும் படிந்த விரல் தடங்களை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பாலிஷ் பசை முலாமைத் தின்னும், பேடுக்குள்ளும் புகும். நீல எஃகு ஊசி ஸ்பிரிங்குகளே முதலில் துருப்பிடித்து முறிபவை. கீகளின் அச்சு முனைகளில் ஆண்டுக்கு ஓரிரு முறை ஊசிமுனை அளவு எண்ணெய் வைத்தால் சத்தமும் தேய்மானமும் குறையும். நெடுநாள் திறக்காத பெட்டியில் அந்துப்பூச்சியின் புழுக்கள் ஃபெல்ட்டைத் தின்னும். அதற்காக அந்துருண்டை போட்டு வைப்பது தவறு. அதன் நெடி வாத்தியத்தில் ஏறும், வாசிப்பவர் அதையே சுவாசிப்பார். பெட்டியை அடிக்கடி திறந்து வாசிப்பதே பூச்சிக்கு மருந்து.

வெடித்துவிட்டால்

விரிசல் என்றால் கருவியின் ஆயுள் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பல விரிசல்கள் மேற்பரப்போடு நின்றுவிடும், உள் துளையைத் தொடுவதில்லை. காற்று ஒழுகாதவரை ஒலியில் எதுவும் தெரியாது. செய்ய வேண்டியது மூன்று: வாசிப்பதை உடனே நிறுத்துவது, விரிசலின் இரு முனைகளும் எங்கே என்று மெல்லிய பென்சில் கோட்டால் குறித்துவைப்பது, பழுது பார்ப்பவரிடம் கொடுப்பது. மரத்தூளும் விரைவில் இறுகும் பசையும் இட்டு நிரப்புவது, குறுக்கே உலோக ஊசி இறக்குவது, கார்பன் இழைப் பட்டையால் இறுக்குவது என்று வழிகள் உண்டு. வீட்டில் எண்ணெய் ஊற்றிப் பார்ப்பது மட்டும் கூடாது. எண்ணெய் குடித்த விரிசலில் பசை பிடிக்காது.

பஃபே கிராம்பான் நிறுவனம் 1990-களில் வேறொரு விடையைக் கொண்டுவந்தது. கருமரத்தைத் தூளாக்கி, பிசினும் கார்பன் இழையும் சேர்த்து அழுத்திக் கட்டையாக்கி, அதிலிருந்து கிளாரினெட் கடைந்தார்கள். அந்தக் கட்டைக்கு நார் ஓடும் திசை கிடையாது. ஈரம் ஒரு திசையில் மட்டும் வீங்கவைக்க முடியாது, பிளந்து ஓட விரிசலுக்கு வழியும் இல்லை. மரக்கடைசலில் கழிந்துபோகும் தூளும் பயனாகிறது. 2017-இல் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்தாலும், மரம் அரிதாகிவருவது மாறவில்லை. ஒரு மரம் கருவிக்குத் தகுதியான பருமன் அடையப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இருக்கும் கருவியைக் காப்பது, ஒரு மரத்தை வெட்டாமல் விடுவதும்கூட.

கிளாரினெட்காரர்களுக்கு அறிவுரை சொல்ல ஆள் பஞ்சம் இருக்காது. எதைக் கேட்டாலும் ஒரே கேள்வியால் உரசிப் பார்க்கலாம்: இது சுவரின் உள்ளுக்கும் வெளிக்கும் நடுவேயுள்ள வித்தியாசத்தைக் குறைக்குமா, கூட்டுமா? நனைந்த கருவியை மின்விசிறிக்கு நேரே வைத்துச் சீக்கிரம் உலர்த்தச் சொன்னால், வெளி அடுக்கு முதலில் காயும், வித்தியாசம் கூடும். துடைத்த பாகங்களைப் பெட்டியில் வைத்து, மூடியைச் சிறிது நேரம் திறந்துவைக்கச் சொன்னால், ஈரம் இரு பக்கமும் மெதுவாக வெளியேறும், வித்தியாசம் குறையும். கச்சேரிக்கு அரை மணி முன்பே அரங்குக்குள் கொண்டுபோய் வைக்கச் சொன்னால் அதையும் கேட்கலாம். கோடையில் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னால், சொன்னவர் எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டு, கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு போவதே நல்லது.